மருந்து வைக்காத புட்டி

1. குங்குமம்

செல் வளர்க்கிற இன்குபேட்டர் கதவில் யாராவது குங்குமம் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த மேனுவலிலும் எழுதியிருக்காது. எனக்கு அது நடந்தது. ரெஜிஸ்டரில் தேதி எழுத அந்தப் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தால் கைப்பிடிக்கு மேலே பளிச்சென்று ஒரு பொட்டு. விரலில் மிஞ்சியதைத் தாலியில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்கிறார், நோயாளி ஒருவரின் வீட்டுக்காரி காமுத்தாய் அக்கா.

"எக்கா! என்ன வேலை பாத்தீக? இது கிளீன் ரூமுக்கா! டாக்டரம்மா பாத்தாகன்னா எஞ்சீட்டக் கிழிச்சிருவாக!"

"கோயில்ல வாங்குனது தாயி. சுத்தமானதுதான்," என்றார் அவர்.

வாய் வைதுகொண்டே இருக்க, கை பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கதவைத் தேய்த்தது. செல்களில் பூஞ்சை விழுந்துவிடுமோ, பல வார உழைப்பு பாழாகிவிடுமோ என்பதுதான் என் பயம். ஒரு மனுஷி எதற்காக ஒரு மிஷினைக் கும்பிடுகிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புத்தி இருந்த இடம் அப்படி.

2. கொறட்டு வாய்

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. திராட்சைத் தோட்டத்துக் கூலியில் அப்பா என்னை டி.எம்.எல்.டி. என்கிற லேப் படிப்புப் படிக்க வைத்தார். தேனியில் ஒரு லேப்பில் ஆறு வருடம் ரத்தம், சளி, மூத்திரம் என்று பார்த்துவிட்டு, இரண்டாயிரத்தைத் தாண்டிய கொஞ்ச வருடத்தில் அதே ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்கட்டில் வார்டும் ஆபரேஷன் தியேட்டரும். பின்கட்டில் இரண்டு அறை, ஒரு இன்குபேட்டர், ஒரு மைக்ராஸ்கோப், கரண்ட் போனால் அலறுகிற ஒரு ஜெனரேட்டர். இவ்வளவுதான் சொத்து.

தலைமை டாக்டர் நிர்மலா. கம்பத்தில் பிறந்து வெளிநாட்டில் ஆராய்ச்சி படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். முதல் நாள் எனக்கு அவர் கொடுத்தது பேனாவும் இல்லை, நோட்டும் இல்லை. ஒரு அலுமினிய கேன்.

"மாட்டாஸ்பத்திரி டிப்போவுக்குப் போயி லிக்விட் நைட்ரஜன் வாங்கிட்டு வா. செல்ல உறைய வச்சுப் பாதுகாக்கணும். இந்த ஊருல அது காளை ஊசி வைக்கிற எடத்துலதான் கெடைக்கும்."

போனேன். எனக்கு முன்னால் பத்துப் பேர், பசு மாடுகளோடு. ஒரு பெரியவர் என் கேனைப் பார்த்துவிட்டு அக்கறையாக விசாரித்தார். "தாயி, ஒனக்கு சிந்திக் காளையா, ஜெர்சிக் காளையா?"

"மனுசனுக்குங்கய்யா," என்றேன், யோசிக்காமல்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு மாடு கூடப் பார்த்ததாக ஞாபகம். அன்றைக்கே நான் வாயைக் கட்டக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வேலை தோல் கேன்சரில். அதிலும் மெலனோமா என்கிற கறுப்புக் கேன்சர். வெள்ளைக்காரர்களுக்கு வெயில் படுகிற இடத்தில் வரும். நம் ஆட்களுக்கு அதிகமும் உள்ளங்காலில், குதிகாலில் வரும். அதைத் தடுக்க ஒரு புது வழியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா அதை எனக்கு விளக்கியது இப்படி:

"ஆன்டிபாடின்னா தெரியும்ல? ரத்தத்துல இருக்கும். ஒண்ணே ஒண்ணத் தேடிப் புடிக்கும், வேற எதையும் தொடாது. கொறடுன்னு வச்சுக்க. ஆனா முழுக் கொறடு செல்லுக்கு உள்ள போயி வேலை செய்யாது. கேன்சர 'வளரு, வளரு'ன்னு முடுக்குற புரோட்டீனோ செல்லுக்கு உள்ளதான் இருக்கு. அதனால கைப்பிடிய விட்டுட்டுக் கொறட்டோட வாய மட்டும் எடுத்துக்கிறோம். அதச் செய்யிற ஜீன செல்லுக்குள்ள விட்டுர்றோம். செல்லே கொறட்டு வாயச் செஞ்சுக்கும். அது அந்த புரோட்டீனக் கவ்விக்கும். வளர்ச்சி மட்டுப்படும்."

"அப்ப நோயாளிக்கு ஊசியாப் போட்டுறலாமா மேடம்?"

"அதுதான் முடியாது. ஃபிளாஸ்க்குல இருக்குற செல்லுக்கு விடலாம். மனுசன் உடம்புல இருக்குற ஒவ்வொரு கேன்சர் செல்லுக்குள்ளயும் இதக் கொண்டுபோய்ச் சேக்க இன்னைக்கு நம்மகிட்ட வழி இல்ல. எத்தனை வருசம் ஆகும்னு எனக்கே தெரியாது."

அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு நன்றாகவே கேட்டது. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். கேட்கவில்லை, புரியவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

3. ஒரு கையெழுத்துக்காக

மொக்கச்சாமி அண்ணனுக்கு மயிலாடும்பாறை. இலவ மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, தானே ஏறிக் காய் பறித்துப் பஞ்சாக்கி விற்பவர். காமுத்தாய் அக்கா அவருடைய வீட்டுக்காரி. அண்ணனுக்கு வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. இலவ முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது என்று ஊக்கை வைத்து நோண்டியிருக்கிறார். விளக்கெண்ணெய் போட்டிருக்கிறார். முள் வரவில்லை, கறுப்புத்தான் பரவியது.

சர்ஜன் பார்த்தவுடனே சந்தேகப்பட்டார். சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு பங்கை எங்கள் செல் கல்ச்சருக்குக் கேட்டு வாங்கும் பொறுப்பு எனக்கு. ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் அண்ணன் பேனாவை வாங்கிவிட்டார். அக்காதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சதைய எடுத்து நீங்களே வச்சுக்குவீகளா? எதுக்கு? ஒருத்தர் காலடி மண்ண எடுத்துட்டுப் போயி வினை வச்சாலே ஆளு படுக்கையில விழுந்துர்றாக. இது காலுச் சதைத்தா! யார் கையிலயாவது போச்சுன்னா?"

டாக்டரம்மா கால் மணி நேரம் பேசிப் பார்த்தார். அக்கா மசியவில்லை. நான் உள்ளே புகுந்தேன். எனக்கு அந்தப் பயம் புதிது இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற எங்கள் வீட்டிலேயே, வெட்டின நகத்தை வாசலில் போடவிட மாட்டார்கள்.

"எக்கா, நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். எனக்குத் தெரியாதா? இதுல யாரும் வினை வைக்க மாட்டாக. நாங்க மருந்துதான் வைப்போம். எங்கண்ணு முன்னாடியேதான் இருக்கும். நான் பாத்துக்கிறேன்."

அக்காவின் முகம் தெளிந்தது. "நீ சொன்னாச் சரி தாயி," என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு ஒரே பெருமை. வெளிநாட்டுப் படிப்பால் ஆகாததை ஒரு பேச்சில் முடித்துவிட்டேனே! டாக்டரம்மாவும், "நீ பேசுனாத்தான் இவங்களுக்குப் புரியுது," என்று பாராட்டினார். என்ன புரிந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ரிசல்ட் மெலனோமா என்றே வந்தது. காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட வேண்டும், இடுப்பு மடிப்பில் இன்னும் நெறி கட்டவில்லை, இப்போது எடுத்தால் ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு என்று சர்ஜன் சொன்னாராம். "மரம் ஏறுறவன் காலுல்ல சார் அது," என்றாராம் அண்ணன். தேதி கொடுத்து அனுப்பினார்கள். இதெல்லாம் முன்கட்டு விவகாரம். நான் பின்கட்டு.

4. மஞ்சளும் ரோஸும்

அண்ணனின் செல்கள் ஃபிளாஸ்க்கில் நன்றாகவே பிடித்துக்கொண்டன. அவற்றை இரண்டு ஃபிளாஸ்க்காகப் பிரித்தோம். ஒன்றில் கொறட்டு வாய் ஜீனை விட்டோம். இன்னொன்றில் வெறும் ஜீன் கூடு, உள்ளே சரக்கு இல்லாமல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது, கன்ட்ரோல் என்போம். செல்கள் குடிக்கிற மீடியம் ரோஸ் நிறம். செல்கள் தறிகெட்டு வளர்ந்தால் அது புளித்து மஞ்சளாகும்.

சில வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கன்ட்ரோல் மஞ்சள். ஜீன் விட்ட ஃபிளாஸ்க் ரோஸ். எண்ணிப் பார்த்தோம், மறுபடியும் எண்ணினோம். வளர்ச்சி மட்டுப்பட்டிருந்தது. டாக்டரம்மா பின்கட்டு முழுக்க லட்டு கொடுத்தார். ஜெனரேட்டர்காரருக்கு இரண்டு.

காமுத்தாய் அக்கா தேனியில் ஒரு மெத்தைக் கடைக்குப் பஞ்சு போட வெள்ளிக்கிழமை வருவார். அப்படியே எங்களிடமும் எட்டிப் பார்ப்பார். கொய்யாப் பழம் கொண்டு வருவார். "எப்படித்தா இருக்கு?" என்று கேட்பார். ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீட்டில் படுத்திருக்கிறார், அவர் சதையை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்த்துப்போக அக்கா வருகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். காலைப் பற்றிக் கேட்டால் அழுவாரோ என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நாகரிகம் என்று வேறு நினைத்தேன்!

லட்டு கொடுத்த அந்த வாரம் அக்கா வந்தபோது எனக்கு வாய் நிற்கவில்லை. செருப்பைக் கழற்ற வைத்து, கை கழுவ வைத்து, உள்ளே கூட்டிப்போய் இரண்டு ஃபிளாஸ்க்கையும் காட்டினேன்.

"ரெண்டும் அண்ணன் சதைதான்க்கா. இதுல மருந்து வைக்கல, பாருங்க, மஞ்சளாயிருச்சு. நோய் அது பாட்டுக்கு வளருது. இதுல மருந்து வச்சோம். ரோஸாவே இருக்கு. நோய் மட்டுப்பட்டிருக்கு."

"மஞ்சளு எப்படித்தா கெட்டதாகும்?" என்று கேட்டார் அக்கா.

"இங்கன அப்படித்தான்க்கா," என்று சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. டாக்டரம்மாவின் அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. ரெஜிஸ்டர் எழுதத் திரும்பினேன். அப்போதுதான் அந்தக் குங்குமம்.

5. "வாயக் கழுவுத்தா!"

அதற்குப் பிறகு அக்காவை ரொம்ப நாள் காணவில்லை. சித்திரையில் ஒரு நாள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வருசம் நல்ல காய்ப்புத்தா. அதான் வர முடியல. ஆள் கூலி கூட மிச்சம். ஒண்ணு ரெண்டு மரம்தான் பாக்கி, மத்த அம்புட்டையும் அவுகளே ஏறிப் பறிச்சுட்டாக."

எனக்குக் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. "ஒத்தக் காலோடயா ஏறுனாக?" என்றேன்.

"ஒத்தக் காலா? வாயக் கழுவுத்தா! ரெண்டு காலோடயும் நல்லா இருக்காக அவுக."

"அப்ப ஆபரேசன்?"

"எதுக்கு ஆபரேசன்? அதான் நீங்க இங்கன மருந்து வச்சுக்கிட்டு இருக்கீகளே?"

மாதாவே! கையிலிருந்த பிப்பெட் தரையில் விழுந்து உருண்டது. நான் குனிந்து எடுக்கவில்லை. அக்கா என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, தெரியாதவளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"காலடி மண்ணுல வினை வச்சா ஆளுக்குக் கேக்குதுல்ல? இது மண்ணு கூட இல்ல, சதை. இதுக்கு மருந்து வச்சா அவுகளுக்குக் கேக்காதா? நீதான தாயி சொன்ன, வினை வைக்க மாட்டோம், மருந்துதான் வைப்போம்னு? மட்டுப்பட்டிருச்சுன்னு புட்டியக் காட்டுனதும் நீதான? அன்னைக்கே வீட்டுக்குப் போயி, ஆசுபத்திரியில குடுத்த தேதிச் சீட்ட நான்தான் அடுப்புல போட்டேன். ரெண்டு தடவ சாக்குச் சொல்லி ஆபரேசனத் தள்ளிப்போட்ட மனுசன், மூணாந்தடவ குடுத்த அந்தச் சீட்டு எரியிறதப் பாத்துச் சிரிச்சாக."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உளறவில்லை அவர். என் பேச்சை எடுத்து, அடியும் நுனியும் சரியாகக் கோத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. ஓட்டை நான் சொல்லாமல் விட்டதில் இருந்தது.

"கறுப்பு எப்படிக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கு. விசம் வெளிய வாங்குதுன்னு நெனச்சோம். ஏன்த்தா, மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது?"

டாக்டரம்மாவிடம் ஓடினேன். கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யார் சொன்னது அவங்களுக்கு இப்படி?"

"நான்தான் மேடம்."

"மனுசனுக்குப் போட வழி இல்லைன்னு சொன்னேனே, அதச் சொன்னியா?"

"இல்ல மேடம்."

"அடிப் பாவி!" என்றார். அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்காத வார்த்தை. பிறகு மேஜையைத் தானே ஓங்கித் தட்டி, "நானும் கேக்கலையே, நானும் கேக்கலையே," என்றார்.

அப்போதே ஜீப்பில் கிளம்பினோம், அக்காவையும் ஏற்றிக்கொண்டு. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை. வழியெல்லாம் அக்கா ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார், நாங்கள் ஒரே பதிலை மாற்றி மாற்றிச் சொன்னோம். கடமலைக்குண்டு தாண்டியதும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் மரத்து மேலே இருந்தார். அந்தக் காலோடு! எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகக் குரல் கொடுத்தபடி இறங்கினார். தோட்டத்துக் கட்டிலில் படுக்க வைத்து டாக்டரம்மா இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். எலுமிச்சம்பழம் போல நெறி கட்டியிருந்தது. கல்லாக இருந்தது.

"அது மரம் ஏறுன அலுப்புல கட்டுனது தாயி," என்றார் அண்ணன்.

டாக்டரம்மா உள்ளதைச் சொன்னார். புட்டி வேறு, ஆள் வேறு. புட்டிக்கு வைத்தது ஆளுக்கு வராது என்று ஒன்று விடாமல் சொன்னார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளும் எனக்கு மருந்து வைக்கலயா தாயி?"

"இல்லண்ணே."

"ஒண்ணுமே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. இரண்டாவது கையெழுத்து

மறு வாரமே காலை எடுத்தார்கள். இடுப்பு மடிப்பையும் சுத்தம் செய்தார்கள். நுரையீரலுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அடுத்த இலவங்காய் முற்றுவதற்கு முன் அண்ணன் போய்விட்டார். முதலில் கொடுத்த தேதியில் எடுத்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பாரா என்று சர்ஜனிடம் கேட்டேன். "நிச்சயம்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருந்துச்சு," என்றார். அந்த வாய்ப்பை நான் வாய்ப் பேச்சில் தொலைத்தேன். வேறு விதமாகச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், முடியவில்லை.

அவருடைய செல்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வீட்டார் ஒப்புதல் வேண்டும் என்று எத்திக்ஸ் கமிட்டி சொல்லிவிட்டது. கடிதம் போட்டோம். அக்கா வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. அவரைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன்.

"தப்பு என் மேலதான்க்கா. முழுசாச் சொல்லாம விட்டுட்டேன்."

அந்த இரண்டு புட்டியையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். செருப்பை அவரே கழற்றினார், கையை அவரே கழுவினார். இரண்டு ஃபிளாஸ்க்கையும் எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று ரோஸ், ஒன்று மஞ்சள். அக்கா மஞ்சளுக்கு நேரே போய் நின்றார்.

"அன்னைக்கு ரெண்டையும் காட்டுனீல்ல தாயி. நான் மருந்து வச்ச புட்டியத்தான் அவுகன்னு நெனச்சுக் கும்புட்டேன். மருந்து வைக்காத புட்டிதான் அவுக. ரெண்டும் எங்கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கன்ட்ரோல் என்றால் என்ன என்று எனக்கு டாக்டரம்மா ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார். அது யார் என்று அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது. நான் பிறகு வேறு லேப்களில் வேலை பார்த்தேன், புதிதாக வந்தவர்களுக்கு வேலை கற்றும் கொடுத்தேன். நோயாளியோ வீட்டாரோ ஃபிளாஸ்க்கைப் பார்க்க வந்தால் நான் கற்றுக்கொடுக்கும் வழி ஒன்றுதான். நன்றாக வந்த ஃபிளாஸ்க்கை எடுக்காதே. முதலில் மஞ்சளை எடு. அதைக் காட்டி, "உங்க ஆளு இதுதான். மருந்து இவருக்கு இன்னும் வரல. ஆபரேசன் தேதி என்னைக்கு?" என்று கேள். அவர்கள் தேதியைச் சொல்லும் வரைக்கும் மற்றதைக் காட்டாதே.